‘யெஸ்’ மட்டும் அமுக்கியவர்

அவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "கம்ப்யூட்டர் ஒண்ணு வாங்கிக்கறீங்களாண்ணா?" என்பது. வியாபாரத்துக்காகக் கேட்டதுகூட இல்லை, ஒரு பேச்சுக்குக் கேட்டது. காந்திபுரத்தில் மாடியில் இருந்தது எங்கள் கடை. உதிரி பாகங்களை வாங்கிக் கம்ப்யூட்டர் சேர்த்துக் கொடுப்பது தொழில். அவர் கீழே பேக்கரியில் தேங்காய் பன் வாங்கிவிட்டு, மழை பிடித்துக்கொண்டதால் படியேறி ஒதுங்கியவர். கையில் பன் பொட்டலம், விரல் நுனியெல்லாம் வார்னிஷ் கறை. கணபதியில் மோட்டார் காயில் சுற்றும் பட்டறை வைத்திருந்தார் என்பது பிற்பாடு தெரிந்தது. மனுஷன் சும்மா நிற்கிறாரே, வாயைத் திறந்து ஏதாவது கேட்போமே என்று கேட்டேன். அவர் பன்னை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, "ஆகட்டுங்க" என்றார்.

மூன்றாம் நாள் அவர் வீட்டுக் கூடத்தில் மானிட்டரைப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்க, இதென்ன இது?"

"கம்ப்யூட்டரு அம்மணி."

"நமக்கெதுக்குங்க?"

"பாய் கேட்டாரு."

அந்த அம்மா எனக்குக் காப்பி போடப் போய்விட்டார். அந்த வீட்டில் அதற்கெல்லாம் பழகிப்போயிருந்தார்கள். கூடத்தில் ஒரே மாதிரியான தண்ணீர் வடிகட்டி மூன்று இருந்தன. யாரும் வாசிக்காத ஒரு ஹார்மோனியம் அலமாரி மேல் இருந்தது. ஆங்கிலக் கலைக்களஞ்சியம் பன்னிரண்டு தொகுதியும் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் வரிசையாக நின்றது. எல்லாம் யாரோ வந்து கேட்டது, இவர் ஆகட்டும் என்றது. "எமன் வந்து, போலாமுங்களான்னு கேட்டாலும் ஆகட்டுங்கன்னு செருப்ப மாட்டிட்டுக் கெளம்பிருவாருங்க," என்று அந்த அம்மா காப்பியை என் கையில் கொடுத்துக்கொண்டே சொன்னார். அவர் அதற்கும் சிரித்தார்.

கோயமுத்தூரில் மரியாதைக்குப் பஞ்சமில்லை. பஸ்ஸில் காலை மிதித்தவனைத் திட்டுவதானாலும் ‘ங்க’ போட்டுத்தான் திட்டுவார்கள். ஆனால் வாய் நோகாமல் மறுப்பதற்கும் எங்கள் ஊரில் ஏழெட்டு வழி உண்டு. "பாக்கலாமுங்க" என்பார்கள். "ஊட்டுல ரோசனை பண்ணிப்போட்டுச் சொல்றனுங்க" என்பார்கள். கேட்டவனும் புரிந்துகொண்டு மரியாதையாகக் கிளம்பிவிடுவான். இவருக்கு அந்த ஏழெட்டில் ஒன்றுகூடக் கைவரவில்லை. ஒருநாள் இதைக் கேட்டேவிட்டேன்.

"ஒருத்தரு வாயத் தொறந்து கேக்கறதே பெரிய விசியமுங்க பாய்," என்றார். "கேக்கறதுக்கு முன்னால எத்தனை ரோசனை பண்ணியிருப்பாங்க! அதப்போயி இல்லீங்கன்னு எப்படிச் சொல்றது?"

நான் கோட்டைமேட்டுக்காரன், முஸ்லிம்கள் அதிகம் வாழும் பகுதி. கலவரமும் குண்டுவெடிப்பும் நடந்த அந்த வருடங்களில் ஊர் நன்றாக இல்லை. என் பகுதியின் பெயரைக் கேட்டதும் முகம் மாறுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டிருந்தேன். வீட்டுக்கு வந்து மாட்டிக்கொடுங்கள் என்று சொன்னவர்களே, நான் எங்கிருந்து வருகிறேன் என்று தெரிந்ததும், "நாங்களே சொல்லி விடறமுங்க" என்று அனுப்பியிருக்கிறார்கள். அதனால் இவரிடம் நானாகவே முதலில், "நம்ம வீடு கோட்டைமேடுங்ணா," என்று சொல்லிவிட்டேன். "அப்படீங்களா? அப்ப ரெண்டு பஸ்ஸு மாறோணுமே. சோத்து நேரத்துக்கு வந்துருங்க பாய்," என்றார். ஊரில் பாதிப்பேர் ‘இல்லை’ என்று சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் அந்தச் சொல்லே தெரியாத ஒருவர் எனக்குக் கிடைத்தார். அவரை நான் எவ்வளவு கிண்டல் செய்தாலும் இந்த ஒரு கணக்கில் என்றைக்கும் அவர் பக்கம்தான்.

கம்ப்யூட்டரோடும் அவர் அப்படித்தான் பழகினார். அது எதையாவது கேட்டால் உடனே ‘யெஸ்’. மூடிவிடட்டுமா என்றால் யெஸ், திரும்ப ஆரம்பிக்கட்டுமா என்றால் யெஸ். இதில் என் பங்கும் உண்டு, மறைக்க மாட்டேன். ஏதோ ஒரு நாள் அவசரத்தில் போனில் கூப்பிட்டு என்னமோ கேட்குதுங்க என்று அவர் சொல்ல, "என்ன கேட்டாலும் யெஸ் குடுங்ணா, ஒண்ணும் ஆகாது," என்று சொல்லி வைத்துவிட்டேன். வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் அது அந்த ஒரு நாளோடு போயிருக்கும்.

அடுத்த வருடம் அவர் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மகள் அமெரிக்காவில் எட்டாம் மாதம். வர முடியாது. அதனால் ஊருக்கு வந்த ஒருவரிடம் ஒரு கேமராவைக் கொடுத்தனுப்பினாள். அதற்கு ஃபிலிம் கிடையாது. வயிற்றைத் திறந்து நம் கம்ப்யூட்டர் பிளாப்பியை உள்ளே தள்ள வேண்டும். ஒரு பிளாப்பிக்குப் பதினைந்து இருபது படம் பிடிக்கும். பிளாப்பியை எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டு நகல் எடுத்துக்கொண்டு, டெலிபோன் லைன் வழியாக அவளுக்கு அனுப்ப வேண்டும். அப்போது இன்டர்நெட் கூவிக்கொண்டு வரும், ஒரு படம் போய்ச் சேர்வதற்குள் சோறு வெந்துவிடும்.

கேமரா வந்ததிலிருந்து பட்டறையில் வேலை நடந்ததா என்று எனக்குச் சந்தேகம்தான். எரிந்துபோன மோட்டார், சுற்றி முடித்த மோட்டார், நாய், நாயைப் பார்க்கும் மனைவி என்று எடுத்துத் தள்ளினார். படங்களை ஒழுங்குபடுத்தி வைக்க நான் ஊர்வாரியாக ஃபோல்டர் போட்டுக் கொடுத்தேன். மேட்டுப்பாளையத்து உறவு ஒன்றில், வெள்ளகோவில் உறவு ஒன்றில், பொள்ளாச்சி உறவு ஒன்றில். இரண்டு வாரத்தில் ஹார்ட் டிஸ்க் நிரம்பிவிட்டது என்றார். போய்ப் பார்த்தால் ஒரே படம் நான்கு ஃபோல்டரில் இருந்தது.

"இதுல மூணு ஊருக்காரங்களும் நிக்கறாங்க பாய். மேட்டுப்பாளையத்துல மட்டும் வெச்சா வெள்ளகோவிலாரு என்ன நெனைப்பாங்க?"

"அவங்களுக்கு எப்படீங்ணா தெரியும்?"

"தெரியாதுங்க. அதுக்குன்னு நாம உட்டுப்போடறதுங்களா?"

"சரி, நாலாவது எதுக்குங்ணா?"

"அது நீங்க எடுத்த படமாச்சுங்களே. கோட்டைமேடுன்னு ஒண்ணு போட்டு வெச்சிருக்கறேன்."

படம் வேண்டும் என்று கேட்டவர்களுக்கெல்லாம் பிளாப்பியில் போட்டுக் கொடுத்தார். வாங்கியவர்கள் யார் வீட்டிலும் கம்ப்யூட்டர் கிடையாது. வெள்ளகோவிலில் ஒருவர் பிளாப்பிக்குப் பொட்டு வைத்து சாமி படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தார். இன்னொருவர் அதன் தகரத்தை விலக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "கறுப்பாத்தானுங்க இருக்குது, ஆளே தெரீல," என்று போன் செய்தார். மேட்டுப்பாளையத்திலிருந்து அவர் மச்சினர் நேராகவே கேட்டுவிட்டார்: "நீங்க அந்தப் பொட்டியவே இங்க கொண்டாந்து காட்டுங்களே மாமா." கேட்டபின் என்ன, ஆகட்டும்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காரின் பின் சீட்டில் மானிட்டரைத் தலையணைகளுக்கு நடுவில் உட்காரவைத்து, சி.பி.யு.வை என் மடியில் வைத்துக்கொண்டு மேட்டுப்பாளையம் போனோம். பாக்கு மண்டிக்குப் பின்னால் வீடு. நாற்பது பேர் கூடியிருந்தார்கள். மின்சாரம் சோர்ந்து சோர்ந்து வந்ததில் படம் ஒரு பக்கம் சுருங்கி எல்லோரும் ஒல்லியாகத் தெரிந்தார்கள். அதில் யாருக்கும் வருத்தமில்லை. தன் படம் வந்ததும் ஒவ்வொருவரும், "இன்னொருக்கா காட்டுங்க," என்றார்கள். அவர் காட்டினார். காலை பத்து மணிக்கு உட்கார்ந்தவர் மூன்று மணி வரை எழுந்திருக்கவில்லை. சாப்பிட வாருங்கள் என்று பக்கத்தில் மூன்று வீட்டில் கேட்க, மூன்றிலும் ஆகட்டும் என்றிருந்தார். மூன்று வீட்டிலும் முழு இலைச் சாப்பாடு சாப்பிட்டார். திரும்பும்போது காரமடை வரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபடியே உட்கார்ந்து ஓட்டினார்.

கல்யாணம் அவிநாசி ரோட்டில் ஒரு மண்டபத்தில். ஸ்டுடியோக்காரர்களும் வீடியோக்காரர்களும் மணப்பெண் அறைக்கு முன்னால் விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றார்கள். என்னை அவர் வாசலில் நிறுத்தியிருந்தார். "வர்ற ஒரம்பரை, சொந்தக்காரங்க எல்லாரையும் எடுத்துருங்க பாய். மக பாக்கோணுமல்ல." விடிந்தும் விடியாத நேரம். ஆள் வரத்து இன்னும் ஆரம்பிக்கவில்லை. உயரமான ஒரு பெரியவர் தனியாக வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. வாழைமரம் கட்டியிருந்த இடத்தோடு நின்றுவிட்டார். உள்ளே வாருங்கள் என்றேன். "இருக்கட்டும்," என்றார்.

உள்ளேயிருந்து இவர் சந்தனக் கிண்ணத்தோடு வந்தவர், பாதி வழியில் நின்றார். பிறகு ஓடிவந்தார்.

"வாங்கண்ணா," என்றார்.

"பையனுக்கு விசேசம். வராம இருக்க முடீல," என்றார் வந்தவர்.

இருவர் முகத்திலும் ஒரே மூக்கு. என்ன ஏது என்று எனக்கு ஒன்றும் தெரியாது. வந்த ஒரம்பரையை எடுப்பது என் வேலை, எடுத்தேன். இவர் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பெரியவர் உள்ளே போய் மகனின் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, ஒரு டம்ளர் காப்பி குடித்துவிட்டு, முகூர்த்தத்துக்கு முன்னாலேயே போய்விட்டார். அன்றைக்கு முழுக்க இவர் வந்தவர்களிடமெல்லாம், "எங்கண்ணன் வந்துட்டுப் போனாருங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தார். தாலி கட்டியதைவிட அதுதான் அவருக்குப் பெரிய செய்தியாக இருந்தது.

ஒன்பது வருடப் பேச்சில்லாமை என்று அவர் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். கிணத்துக்கடவில் அண்ணன் தம்பி தோட்டத்துக்கு ஒரே கிணறு, பக்கத்துத் தோட்டக்காரருக்கும் அதில் பங்கு. இன்ன கிழமை இன்னார் மோட்டார் போடுவது என்று முறை. இவர் டவுனுக்கு வந்தபின் இவருடைய முறைத்தண்ணீர் சும்மா கிடந்தது. அண்ணன் புதிதாகத் தென்னங்கன்று வைத்திருந்தார், கடும் கோடை. "உன்ற சனிக்கெழமத் தண்ணிய எனக்கு உடு," என்று கேட்டார். ஆகட்டுங்கண்ணா. பக்கத்துத் தோட்டக்காரரும் அதே சனிக்கிழமையைக் கேட்டார். ஆகட்டுங்க. சனிக்கிழமை காலை இரண்டு பேரும் மம்பட்டியோடு ஒரே ஸ்விட்சுக்கு முன்னால் வந்து நின்றார்கள். வாய்ச்சண்டை ஊரே கேட்டது. கடைசியில் யாருக்கும் பாயவில்லை, கன்றுகள் காய்ந்தன. அண்ணன் அன்றைக்கு, "உன்ற ஆகட்டுமுங்கறத நம்பி மம்பட்டி எடுத்தேன் பாரு, எனக்கு வேணும்," என்று சொன்னவர்தான்.

கல்யாணம் முடிந்த நான்காம் நாள் மகள் அமெரிக்காவிலிருந்து போன் செய்தாள். "ஏனுங்கப்பா, கல்யாணத்தையே காணோமே? நீங்க அனுப்புன படத்துல எல்லாரும் சோறுதானுங்கப்பா உண்டுட்டிருக்கறாங்க!"

என்னை வரச்சொன்னார். போய்ப் பார்த்தேன். மொத்தம் ஐந்து பிளாப்பி எடுத்திருந்தோம். எல்லாவற்றையும் அவரே உட்கார்ந்து ‘கல்யாணம்’ என்று நான் போட்டுக் கொடுத்திருந்த ஒரே ஃபோல்டரில் நகல் எடுத்திருக்கிறார். அந்தக் கேமரா, பிளாப்பி மாற்றிப் போட்டால் மறுபடியும் ஒன்று, இரண்டு என்று முதலிலிருந்து பெயர் வைக்கும். முதல் பிளாப்பியிலும் ஒன்றாம் படம், ஐந்தாம் பிளாப்பியிலும் ஒன்றாம் படம்.

"ரெண்டாவது பிளாப்பி போட்டப்ப ஏதாவது கேட்டுதுங்களாண்ணா?"

"கேட்டுதுங்க. நெம்ப மருவாதியா, ஒவ்வொரு படத்துக்கும் கேட்டுது. இதே பேருல முன்னாலயே ஒண்ணு இருக்குதுன்னுச்சு. எங்க சனத்துல அது சகசமுங்களே. தாத்தன் பேர வெச்சு வெச்சு, ஒரே பேருல எங்க ஊட்டுலயே நாலு பேரு இருக்கறோம். அதுக்குன்னு ஒருத்தர வெளிய தள்ளிப்போட்டுத்தான் இன்னொருத்தரு உள்ள வர்றாங்களா? சேந்து இருக்கட்டுமுன்னு யெஸ் குடுத்தேன்."

"பதினெட்டு தடவையுங்களா?"

"மூணாவது பிளாப்பில ‘யெஸ் டு ஆல்’னு ஒண்ணு இருக்கறதப் பாத்துட்டனுங்க. அதுல நெம்ப சௌரியம்."

கம்ப்யூட்டர் அப்படியெல்லாம் அனுசரித்துப் போகாது, ஒரு பெயருக்கு ஒரு ஆள்தான், புதிதாக வந்தவர் பழையவரைத் தள்ளிவிட்டுத்தான் உட்காருவார் என்று விளக்கினேன். கடைசிப் பிளாப்பி பந்தியில் எடுத்தது. அதனால்தான் அமெரிக்கா வரைக்கும் எல்லோரும் சோறு உண்டுகொண்டிருந்தார்கள். சரி, அந்த ஐந்து பிளாப்பியைக் கொடுங்கள், முதலிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. படம் கேட்டவர்களுக்கு அந்தப் பிளாப்பிகளையே அழித்து, இருந்த படங்களைப் போட்டுக் கொடுத்திருந்தார். அழிக்கட்டுமா என்று அதுவும் கேட்டிருக்கிறது. அப்படி அழித்ததில் முதல் பிளாப்பி ஒன்றுதான் இன்னும் யாருக்கும் கொடுக்காமல் வீட்டில் மிச்சம் இருந்தது.

அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம். கல்யாணம்தான் ஸ்டுடியோ ஆல்பத்தில் இருக்கிறதே, மகளுக்கு அதைக் கூரியரில் அனுப்பினால் போயிற்று. அவர் மட்டும் சிரித்து முடித்து, மவுஸை நகர்த்தி நகர்த்தி ஒன்றாம் படத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றாம் படத்தில் யாரோ ஒருவர் பாயசத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தார். முதலில் அந்த எண்ணில் வாழைமரத்துக்குப் பக்கத்தில் அண்ணன் நின்றிருந்தார்.

அதற்கு அடுத்த வாரம் கிணத்துக்கடவிலிருந்து போன் வந்தது. நான் பக்கத்தில்தான் இருந்தேன். அண்ணனின் குரல் வெளியே கேட்கிற அளவுக்கு உரம். "அன்னைக்கு வாசல்ல அந்தப் பையன் ஒரு படம் எடுத்தானே, நீயும் நானும் நிக்கறது. அது எனக்கொண்ணு வேணும். மாட்டி வெக்கோணும்." ஒன்பது வருடத்தில் அவர் தம்பியிடம் கேட்ட முதல் பொருள். இவருக்குப் படம் இல்லை என்று தெரியும். "ஆகட்டுங்கண்ணா," என்றார். "வர்ற ஞாயித்துக்கெழம நானே கொண்டாறனுங்க."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எனக்குக் கோபமே வந்துவிட்டது. "என்னங்ணா இது! இல்லாத படத்த எங்கிருந்து கொண்டுபோவீங்க?"

"கேட்டுப்போட்டாருங்க பாய்," என்றார்.

மிச்சமிருந்த பிளாப்பியைக் கடைக்கு எடுத்துப்போய், அழிந்ததை மீட்கும் மென்பொருள் இரண்டைப் போட்டுத் துழாவினேன். மூன்று நாள் முயன்றதில் அந்தப் படத்தின் மேல்பகுதி மட்டும் கிடைத்தது. மாவிலைத் தோரணம், அதற்குக் கீழே இரண்டு உச்சந்தலை, ஒன்று நரைத்தது, ஒன்று மை பூசியது. நெற்றி தொடங்குகிற இடத்தில் சாம்பல் நிறம். அவ்வளவுதான். அவர் வந்து அதை வெகுநேரம் பார்த்தார். எனக்குப் பாவமாக இருந்தது. வேறு வழி ஒன்று சொன்னேன்.

"அண்ணா, உங்க அண்ணன் படம் பழசு ஏதாச்சும் இருந்தாக் குடுங்க. ஸ்கேன் பண்ணி, உங்களையும் அவரையும் பக்கத்துல பக்கத்துல ஒட்டிப்போடலாம். வாழமரம் வேற படத்துல இருக்குது. அவருக்கு வித்தியாசமே தெரியாது. செஞ்சுபோடட்டுங்களா?"

இந்த மாதிரிக் கேள்விக்கு அவரிடம் எனக்குத் தெரிந்து ஒரே பதில்தான். ஸ்கேனர் மூடியைத் திறந்தே வைத்துவிட்டேன். அவர் திரையில் இருந்த இரண்டு உச்சந்தலையையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வேண்டாமுங்க பாய்," என்றார்.

எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று சந்தேகம். "என்னங்ணா?"

"வேண்டாமுங்க. அவரு அன்னைக்கு வந்தது நெசம். அதப்போயி நாம பொய்யாச் செய்யக்கூடாது."

ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். காரணம் எப்போதும்போலத்தான்: அதே ஞாயிறு மத்தியானம் பொள்ளாச்சியில் ஒரு தேங்காய் மண்டிக்காரர் வீட்டில் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து படம் காட்டுவதாகவும் இவர் ஒப்புக்கொண்டிருந்தார். சாப்பாடும் அங்கேதான் என்று ஏற்பாடு. பின் சீட்டில் தலையணைகளுக்கு நடுவில் மானிட்டர், என் மடியில் சி.பி.யு. அண்ணனிடம் என்ன சொல்லப்போகிறார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பிரிண்ட் போடக் கொடுத்திருக்கிறேன், அடுத்த வாரம் வந்துவிடும் என்று ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். ஒன்பது வருடம் கழித்துத் திறந்த கதவு அது, அதைப் போய் யார் தாமாகச் சாத்திக்கொள்வார்கள்?

மூத்தவர் களத்தில் டிராக்டருக்குக் கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் கழிவுத்துணியை எடுத்துக் கையைத் துடைத்தபடி வந்தார்.

"கொண்டாந்தயா?"

"இல்லீங்கண்ணா," என்றார் இவர்.

மூத்தவர் துடைப்பதை நிறுத்தினார்.

"படம் இல்லீங்க. நாந்தான் தெரியாம அழிச்சுப்போட்டேன். போன்ல நீங்க கேட்டப்பவே இல்லீன்னு எனக்குத் தெரியுமுங்க. தெரிஞ்சுதான் ஆகட்டுமுன்னு சொன்னேன்." நிறுத்தாமல் சொல்லி முடித்துவிட்டார்.

மூத்தவர் ஒவ்வொரு விரலாகத் துடைக்க ஆரம்பித்தார். "மாட்டறதுக்குச் சட்டங்கூட வாங்கி வெச்சிட்டேன்," என்றார். நான் சி.பி.யு.வை மடியில் வைத்துக்கொண்டு காரிலேயே உட்கார்ந்திருந்தேன். இறங்கலாமா கூடாதா என்று தெரியவில்லை.

"அன்னைக்கும் இப்படி ஒரு வார்த்த, இல்லீங்கண்ணான்னு சொல்லியிருந்தயின்னா, நான் வேற தண்ணிக்கு வழி பண்ணியிருப்பேன்," என்றார் மூத்தவர். "கன்னு காஞ்சதெல்லாம் எனக்குப் பெருசில்லடா. உன்ற பேச்ச எதுல சேத்தறதுன்னே எனக்குத் தெரீல."

"தெரியுமுங்கண்ணா."

"எனக்கு இப்பத்தான் தெரியுது." துணியைத் தோளில் போட்டுக்கொண்டார். "செரி, வா. அந்தத் தம்பியையும் எறங்கச் சொல்லு. இருந்து சோறுண்டுபோட்டுப் போங்க."

மணி பதினொன்றரை. பொள்ளாச்சியில் இலை போடும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. இவர் இங்கே ஆகட்டும் என்பார், பாதி இலையில் எழுந்து அங்கே ஓடுவார், அங்கேயும் ஆகட்டும் என்று உட்காருவார். மேட்டுப்பாளையத்தில் மூன்று சாப்பாடு பார்த்தவன் நான். எந்த இலையை அவர் பாதியில் விடப்போகிறார் என்பதுதான் எனக்குக் கவலை. அண்ணன் வீட்டு இலையாக இருந்துவிடக் கூடாதே என்று மனசு அடித்துக்கொண்டது.

"அண்ணா, உங்க போன் எங்கீங்க இருக்குது?" என்று கேட்டார்.

உள்ளே கூடத்தில் இருந்தது. நின்றபடியே எண்களைச் சுழற்றினார். மூத்தவர் கைகழுவிக்கொண்டு வந்தவர் நிலைப்படியில் நின்றார்.

"நாந்தானுங்க பேசறேன். இன்னைக்கு வர முடியாதுங்க." அந்தப் பக்கம் என்னவோ சத்தம். "இல்லீங்க, சாயங்காலமும் முடியாதுங்க." மறுபடியும் சத்தம். மண்டிக்காரருக்கு நம்பிக்கை வரவில்லை போலிருந்தது. வழியில் வண்டி மோதிவிட்டதா, உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று அவர் பதறுவது எனக்கே கேட்டது.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, ஒடம்பு நல்லாத்தான் இருக்குது," என்றார் இவர். ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நான் எங்கண்ணன் ஊட்டுல இருக்கறனுங்க."